ஒற்றைப் பல்லும் உடைந்த எலும்பும் ஆதிமனிதரைப் பற்றி எவ்வளவு சொல்லும்?

கண்டனூரைச் சேர்ந்த ஒரு தந்தை சில கேள்விகளை அனுப்பியிருக்கிறார். குடும்பத்தோடு கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய்வந்த பிறகு, ப்ளஸ் டூ படிக்கும் அவருடைய மகன் எழுப்பிய சந்தேகங்கள் அவை. ஒரு பல்லையும் உடைந்த எலும்பையும் வைத்துக்கொண்டு, பத்து லட்சம், இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் எதைத் தின்றார், எப்படி நடந்தார், எந்த வயதில் இறந்தார் என்றெல்லாம் சொல்கிறார்களே, அது ஊகம்தானே? மனிதரின் மூதாதை என்று பாடத்தில் படித்த ராமாபிதிகஸை இப்போது அப்படி இல்லை என்கிறார்களே, அப்படியானால் மற்றவற்றை எந்த நம்பிக்கையில் ஏற்பது? அவ்வளவு பழைய மனித எலும்பு நம் சிவகங்கைச் சீமையில் ஏன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை?

காரைக்குடியில் நெடுங்காலமாகப் பல் மருத்துவம் பார்த்து வருகிறேன்; ஆதிமனிதரின் பற்களைப் பற்றிய ஆய்வுகளையும் அதே அளவு காலமாகப் படித்து வருகிறேன். மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், ஒரு பல்லின் வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவு பலமுறை ஏமாற்றியிருக்கிறது. வடிவம், தேய்மானம், வளர்ச்சிக் கோடுகள், வேதியியல் ஆகிய நான்கையும் தனித்தனியாக விசாரித்து, அவை ஒத்துப்போகும்போது சொல்லும் முடிவு ஊகம் ஆகாது. இனி விவரத்துக்கு வருகிறேன்.

கீழடியை ஒட்டிய கொந்தகையில் முதுமக்கள் தாழிகளிலிருந்து எடுக்கப்பட்ட எலும்புக்கூடுகள் எல்லா வகையிலும் நம்மைப் போன்ற மனிதர்களுடையவை. அங்கே கிடைத்த மண்டையோடுகளை வைத்து இரண்டு ஆண்களின் முகத்தை 2025இல் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி வழியே உருவாக்கிக் காட்டினார்கள். நம் தெருவில் அன்றாடம் காணும் முகங்களாகவே அவை இருந்தன. உங்கள் மகனின் கேள்வியில் உள்ள காலமோ அதைவிடப் பல நூறு மடங்கு பழையது. அவ்வளவு தொலைவிலிருந்து நம் கைக்கு வந்துசேரும் பொருட்களில் முதலிடம் பல்லுக்குத்தான்.

மனித உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுறையான எனாமல். அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள். எலும்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தாது. மீதி புரதமும் நீரும். ஆகவே செத்த உடலின் எலும்பை விலங்குகள் கடித்து நொறுக்கினாலும், வேர்கள் துளைத்தாலும், மண்ணின் அமிலம் அரித்தாலும், பல் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. எலும்பு வாழ்நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். எனாமல் அப்படியல்ல; குழந்தைப் பருவத்தில் ஒருமுறை உருவானதோடு சரி. அதை உருவாக்கிய செல்கள் பல் வெளியே முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. சொத்தைப்பல் முறிந்த கையைப் போலத் தானாகக் கூடிவராமல் போவதும், நாங்கள் அதை அடைத்துத்தர வேண்டியிருப்பதும் இதனால்தான். நோயாளிக்கு இது இழப்பு. ஆய்வாளருக்கோ இதுவே பெரும்பேறு, ஏனென்றால் ஒருவருடைய குழந்தைப் பருவம் அவருடைய எனாமலில் மாறாமல் பதிந்துகிடக்கிறது. அவருடைய கடைசி ஆண்டுகள் எலும்பில் இருக்கின்றன.

எனாமல் உருவாகும்போது ஒவ்வொரு நாளும் நுண்ணிய ஒரு கோடு விழுகிறது. அதற்கு மேல், ஆறு முதல் பன்னிரண்டு நாட்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சற்றுத் தடித்த கோடுகளும் விழுகின்றன. அவை பல்லின் வெளிப்பரப்பில் மெல்லிய வரிகளாகத் தெரியும். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் பிறப்பை ஒட்டியே உருவாகத் தொடங்குவதால், தாயின் வயிற்றிலிருந்து வெளியே வந்த அதிர்ச்சிகூட அதில் ஒரு தனிக்கோடாகப் பதிந்துவிடும். அந்தக் கோட்டிலிருந்து எண்ணத் தொடங்கினால், சிறு வயதில் இறந்த குழந்தை பிறந்து எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதை வியப்பூட்டும் துல்லியத்தோடு கணக்கிடலாம்.

இதன் பயனை விளக்க டாங் குழந்தையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. 1924இல் தென்னாப்பிரிக்காவின் டாங் என்ற ஊரின் சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து வந்த பாறைத்துண்டில் ஒரு குழந்தையின் முகமும், தாடையும், மூளையின் அச்சும் இருப்பதை ரேமண்ட் டார்ட் என்ற உடற்கூறியல் பேராசிரியர் கண்டார். மறு ஆண்டு அதற்கு ஆஸ்ட்ரலோபிதிகஸ் ஆப்பிரிக்கானஸ் என்று பெயரிட்டு, மனிதக் கிளையைச் சேர்ந்தது என்று அறிவித்தார். அவர் சுட்டிக்காட்டிய முக்கியச் சான்றுகள் இரண்டு. தண்டுவடம் மூளைக்குள் நுழையும் துளை மண்டையோட்டின் பின்புறம் இல்லாமல் அடிப்புறத்தில் இருந்தது; அதாவது தலை நிமிர்ந்த உடலின் மேல் உட்கார்ந்திருந்தது. கோரைப்பற்கள் குரங்கினத்தில் இருப்பதுபோல நீண்டு துருத்தாமல் சிறியவையாக இருந்தன. மூளை மட்டும் சிம்பன்சியின் மூளையளவே இருந்தது.

அறிஞர் உலகம் இதை ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. தாமதத்துக்கு ஒரு காரணம் இங்கிலாந்தின் பில்ட்டவுனில் 1912இல் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட மண்டையோடு. பெரிய மூளை, குரங்குத் தாடை என்ற அதன் அமைப்பு, மூளை முதலில் வளர்ந்தது, மற்றவை பின்னால் வந்தன என்று பலர் விரும்பி நம்பிய கதைக்கு இசைவாக இருந்தது. 1953இல் அது திட்டமிட்ட மோசடி என்று நிரூபணமானது. மனித மண்டையோட்டோடு ஒராங்குட்டான் தாடையைச் சேர்த்துச் சாயமேற்றியிருந்தார்கள். காட்டிக்கொடுத்ததில் பற்களுக்குப் பெரும் பங்கு உண்டு: மனிதப்பல்போலத் தட்டையாகத் தேய்ந்திருக்க வேண்டும் என்பதற்காக யாரோ அரத்தால் ராவியிருந்தார்கள், உணவு தேய்த்த பல்லில் இருக்கவே முடியாத அரக்கீறல்கள் உருப்பெருக்கியின் கீழ் தெரிந்தன. அந்தப் பற்கள் நாற்பது ஆண்டுகளாக அருங்காட்சியகத்திலேயே இருந்தும், அவற்றை அந்தக் கண்ணோடு பார்க்க ஆளில்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

டாங் குழந்தைக்குத் திரும்புவோம். அதற்கு முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைத்திருந்தது. நம் குழந்தைகளுக்கு அந்தப் பல் ஆறு வயதில் முளைப்பதால், டாங் குழந்தைக்கும் ஆறு வயது என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். 1985இல் டிமோத்தி புரோமேஜ், கிறிஸ்டோபர் டீன் என்ற இருவர் ஆதிமனித இனங்களின் முன்பற்களில் உள்ள வளர்ச்சி வரிகளை எண்ணிப் பார்த்தபோது, அந்த இனங்களின் குழந்தைகள் நம்மைவிட வெகுவேகமாக, ஏறத்தாழ சிம்பன்சிகளின் வேகத்தில் வளர்ந்தன என்று தெரியவந்தது. டாங் குழந்தை இறந்தபோது அதற்கு மூன்று முதல் நான்கு வயதுதான் இருந்திருக்கும். வயதைத் திருத்தியதோடு இது நின்றுவிடவில்லை. பெற்றோரைச் சார்ந்து ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொண்டு மெல்ல வளரும் நீண்ட குழந்தைப் பருவம் மனிதருக்கே உரியது என்கிறோம். இரண்டு கால்களில் நடந்த காலத்திலேயே அது வந்துவிடவில்லை, மிகவும் பிந்தியே வந்தது என்பதை அந்த வரிகள் காட்டிவிட்டன.

கென்யாவின் துர்கானா ஏரிக்கு மேற்கே 1984இல் கமோயா கிமேயு கண்டெடுத்த சிறுவனின் எலும்புக்கூடும் இதையே வேறொரு வழியில் சொல்கிறது. 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தச் சிறுவனின் உயரத்தையும் எலும்புகளின் முனை எவ்வளவு இணைந்திருந்தது என்பதையும் பார்த்தால் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையன் என்றே தோன்றும். பல்லின் கோடுகளோ சுமார் எட்டு வயது என்கின்றன. இதை யாரோ தவறாகக் கணக்கிட்டதாகக் கொள்ளக்கூடாது; எட்டு வயதிலேயே அவ்வளவு உயரமாக வளர்ந்துவிடும் ஓர் உடல் அது. கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட நம்மைப் போன்ற அமைப்பு, வளர்ச்சியின் வேகம் மட்டும் நம்முடையது இல்லை. இத்தகைய கலவைதான் மனிதப் பரிணாமத்தில் திரும்பத் திரும்பக் காணக்கிடைக்கிறது.

இந்தக் கோடுகள் வெறும் நாட்காட்டி மட்டுமல்ல. அன்றன்று உடம்பில் ஓடிய தாதுக்களும் அவற்றில் சேர்ந்துகொள்கின்றன. தாய்ப்பால் குடிக்கும் காலத்தில் பேரியம் கூடுதலாகச் சேரும். பால் மறந்ததும் குறையும். பிரான்சின் பெய்ர் என்ற இடத்தில் இரண்டரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நியாண்டர்தால் என்ற, அழிந்துபோன மனித இனத்தின் இரண்டு குழந்தைகளின் பற்களை டான்யா ஸ்மித் குழுவினர் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவுகளை முதலில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவற்றில் ஒரு குழந்தை இளவேனிற் காலத்தில் பிறந்தது. இரண்டரை வயது வரை பால் குடித்தது. கடும் குளிர்காலத்தில் உடல்நலம் குன்றியது. இரண்டு குழந்தைகளின் உடலிலும் ஒருமுறைக்கு மேல் ஈயம் சேர்ந்திருந்தது. பெயரோ மொழியோ நமக்குத் தெரியாத ஒரு தாய் தன் குழந்தைக்கு எப்போது பால் மறக்கடித்தாள் என்பது கடைவாய்ப்பல்லின் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

அடுத்து உணவுக்கு வருவோம். 1959இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்டெடுத்த மண்டையோட்டில் கடைவாய்ப்பற்கள் நம்முடையதைப் போல இருமடங்குக்கும் பெரியவை. எனாமல் மிகத் தடிப்பு. மெல்லும் தசைகள் பற்றிக்கொள்வதற்காக மண்டையின் உச்சியில் எலும்பு வரப்பே எழும்பியிருந்தது. பாராந்த்ரோபஸ் பாய்சி என்று இன்று அழைக்கப்படும் அந்த இனத்துக்கு, கொட்டை உடைக்கும் மனிதன் என்று பத்திரிகைகள் பட்டம் சூட்டின. வடிவத்தைப் பார்த்த எவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

பற்களின் தேய்மானம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடினமான பொருளை நொறுக்கும்போது எனாமலில் நுண்ணிய குழிகள் விழும். நார்ப்பொருளையும் மண்துகள் கலந்ததையும் அரைக்கும்போது கீறல்கள் விழும். அம்மி கொத்திய புதிதில் அரைத்த துவையலில் கல்துகள் நறநறவென்று கடிபடுமே, அது பல்லில் விடும் தடம் ஒருவிதம். ஆண்டுக்கணக்கில் பாக்கு மென்ற ஆச்சிமாரின் கடைவாய்ப்பல்லில் முகடுகள் மழுங்கி, எனாமல் போய், உள்ளேயிருக்கும் மஞ்சள் டென்டைன் வெளித்தெரியும் தடம் வேறுவிதம். பீட்டர் அங்கர் முதலியோர் 2008இல் பாய்சியின் பற்களை நுண்ணோக்கியில் பார்த்தபோது கொட்டை உடைத்ததற்கான குழிகளைக் காணவில்லை. ஆனால் இந்தச் சான்றுக்கும் ஓர் எல்லை உண்டு. நுண்தடங்களை அடுத்தடுத்த உணவு அழித்துவிடும் என்பதால், இறப்பதற்கு முந்தைய சில நாட்களை அல்லது வாரங்களை மட்டுமே அவை சொல்லும். ஆகவே மூன்றாவதாக வேதியியலைக் கேட்டார்கள்.

தாவரங்கள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறையில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. நெல், மரங்கள், செடிகள் பெரும்பாலும் ஒரு பிரிவு; கேழ்வரகு, கம்பு, சோளம், கரும்பு, வெப்பநிலத்துப் புற்கள், கோரைகளில் பல ஆகியவை மற்றொரு பிரிவு. இரண்டாம் பிரிவில் கார்பன்-13 என்ற கனமான கார்பன் சற்றுக் கூடுதலாக இருக்கும். உண்பவரின் எனாமலில் அந்த வேறுபாடு அப்படியே தங்கிவிடும். கவுனி அரிசியிலேயே வளர்ந்தவரையும் கேழ்வரகிலேயே வளர்ந்தவரையும் அவர்களுடைய பல்லை வைத்துப் பிரித்துச் சொல்லிவிட முடியும். கென்யாவில் கிடைத்த பாய்சி பற்களை இவ்வாறு சோதித்து 2011இல் வெளியிட்ட முடிவு, அவற்றின் உணவில் முக்கால் பங்கு புல், கோரை வகையைச் சேர்ந்தது என்று காட்டியது. அந்தப் பெரிய பற்கள் நாள் முழுவதும் சளைக்காமல் நார்ப்பொருளை அரைப்பதற்காக இருந்தவை. வடிவம் பொய் சொன்னதாக நான் கருதவில்லை. பெரிய, தடித்த பல் அதிக உழைப்புக்கு உரியது என்பது வரை அது சொன்னது சரி. எந்த உழைப்பு என்பதை நாம்தான் அவசரப்பட்டு நிரப்பிக்கொண்டோம்.

ராமாபிதிகஸ் கதையும் இதே அவசரத்தின் கதைதான். 1932இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் லூயிஸ், இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் சிவாலிக் மலைப்பகுதியின் ஹரிதல்யாங்கரில் ஒரு மேல்தாடைத் துண்டைக் கண்டெடுத்தார். கோரைப்பல் சிறியது, எனாமல் தடிப்பு. தாடையின் வளைவும் மனிதனுடையதைப் போல அகன்றது என்று கருதப்பட்டது. உண்மையில் தாடையின் நடுப்பகுதியே அந்தத் துண்டில் இல்லை. வளைவு, இருந்த பகுதியைக் கொண்டு வரைந்து நிரப்பப்பட்டது. 1960களில் எல்வின் சைமன்ஸும் டேவிட் பில்பீமும் இதை மனிதக் கிளையின் தொடக்கம் என்று வலியுறுத்த, உலகெங்கும் பாடநூல்களில் ஏறியது. நம் நாட்டில் கிடைத்தது என்பதால் நமக்கு அதில் ஒரு தனிப் பெருமையும் இருந்தது.

1967இல் வின்சென்ட் சாரிச்சும் ஆலன் வில்சனும் இரத்தப் புரதங்களை ஒப்பிட்டு, மனிதக் கிளையும் ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்குகளின் கிளையும் பிரிந்து சுமார் 50 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன என்றார்கள். அப்படியானால் ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் பழையதான ராமாபிதிகஸ் மனித மூதாதையாக இருக்க வழியில்லை. எலும்பு ஆய்வாளர்கள் முதலில் இதை ஏற்கவில்லை. பிறகு பாகிஸ்தானின் பொட்வார் பீடபூமியில் சிவாபிதிகஸ் என்ற பழங்கால வாலில்லாக் குரங்கின் முகம் ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தது. 1982இல் அதை வெளியிட்டவர் அதே பில்பீம்தான். குறுகிய கண் இடைவெளி, குழிந்த முகம் என எல்லாம் ஒராங்குட்டானின் சாயல். ராமாபிதிகஸ் என்று தனியாகப் பெயர் பெற்றவை அதே சிவாபிதிகஸ் இனத்தின் சிறிய உடல் கொண்டவை, பெரும்பாலும் பெண்களாக இருக்கக்கூடியவை என்று முடிவானது. பெண்களுக்குக் கோரைப்பல் சிறியதாக இருப்பது அவ்வினங்களில் இயல்பு. தான் முன்னின்று நிறுவிய கருத்தைத் தானே கண்டெடுத்த சான்றுக்காகக் கைவிட்ட பில்பீமின் நேர்மையை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள். ராமாபிதிகஸைக் கைவிட்டதால் மற்ற முடிவுகள் வலுவிழக்கவில்லை. எந்த வகைச் சான்று எவ்வளவு எடை தாங்கும் என்பது அதன் பிறகே தெளிவானது.

இதைவிட மோசமான ஒரு நிகழ்வும் உண்டு. 1922இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கிடைத்த தேய்ந்த ஒற்றைப் பல்லை வைத்து ஹென்றி ஆஸ்போர்ன் ஒரு புதிய குரங்கு மனித இனத்தையே அறிவித்தார். அது பெக்காரி என்ற பன்றி போன்ற விலங்கின் பல் என்று ஐந்தே ஆண்டுகளில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கடைவாய்ப்பல்லின் முகடுகள் தேய்ந்துபோனால் பன்றிப் பல்லும் மனிதப் பல்லும் மயங்குவது உண்மைதான். இன்று எக்ஸ்ரே நுண்படத்தில் உள்ளமைப்பைப் பார்க்காமல் யாரும் அப்படி அறிவிக்க முடியாது.

நடையைப் பற்றிச் சொல்வது பற்களால் ஆகாது. அதற்கு எலும்பு வேண்டும். இங்கே இயந்திரவியல் வெளிப்படையாக இருப்பதால் சான்று உறுதியானது. நம் தொடையெலும்பு இடுப்பிலிருந்து நேர்க்கீழாக இறங்காமல் உட்புறமாகச் சாய்ந்து முழங்காலில் சேர்கிறது. ஒற்றைக் காலில் எடை தாங்கும் அந்தக் கணத்தில் பாதம் உடலின் நடுவுக்குக் கீழே இருக்க அந்தச் சாய்வு உதவுகிறது. சிம்பன்சிக்கு அது இல்லை. ஆகவே இரண்டு காலில் நடக்கும்போது பக்கவாட்டில் ஆடி ஆடி நடக்கும். எத்தியோப்பியாவின் ஹடாரில் டொனால்ட் ஜொஹான்சன் 1973இல் கண்டெடுத்த ஒரு முழங்கால் மூட்டில் இந்தச் சாய்வு இருந்தது. மறு ஆண்டு கிடைத்த, 32 லட்சம் ஆண்டுகள் பழைய லூசியின் எலும்புக்கூட்டில் அதே சாய்வும், குட்டையாக அகன்று கிண்ணம்போல் வளைந்த இடுப்பெலும்பும் இருந்தன. லூசி இனத்தின் மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குதான். 1978இல் தான்சானியாவின் லயடோலியில் எரிமலைச் சாம்பலில் பதிந்த 36 லட்சம் ஆண்டுப் பழைய காலடித் தடங்கள் வெளிப்பட்டபோது, எலும்பு சொன்னதை மண்ணும் உறுதிசெய்தது. நடை முதலில், மூளை வெகுகாலம் கழித்து என்று டார்ட் சொன்ன வரிசை நிலைத்துவிட்டது.

தொழில் காரணமாக என்னை எல்லாவற்றையும்விட ஈர்க்கும் எலும்பு ஜார்ஜியாவின் த்மனிசியில் கிடைத்த ஒரு மண்டையோடும் தாடையும்தான். வயது 17 லட்சத்து 70 ஆயிரம் ஆண்டுகள். ஒரேயொரு கோரைப்பல்லைத் தவிர எல்லாப் பற்களையும் அவர் உயிரோடு இருக்கும்போதே இழந்திருந்தார். இறந்த பின் விழுந்த பல்லென்றால் பற்குழி கூர்மையான விளிம்போடு திறந்திருக்கும். உயிரோடு இருக்கும்போது விழுந்தால் குழி சில மாதங்களில் எலும்பால் நிரம்பும். பிறகு பல்லைத் தாங்கிய எலும்பு வரப்பே ஆண்டுக்கணக்கில் கரைந்து தாழ்ந்துகொண்டே போகும். முழுப் பல்செட் கட்ட வரும் முதியவர்களின் கீழ்த்தாடை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை வைத்தே அவர்கள் பல்லை இழந்து எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று எங்களால் ஓரளவு சொல்லிவிட முடியும். த்மனிசித் தாடை அந்த அளவுக்குக் கரைந்திருந்தது. பல்லில்லாமல் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். அக்காலத்தில் கேழ்வரகுக் கூழோ குழைந்த சோறோ கிடையாது. மென்மையான மஜ்ஜையையோ மூளையையோ அவர் தாமே கல்லால் உடைத்து எடுத்துத் தின்றிருக்கலாம். மற்றவர்கள் நசுக்கிக் கொடுத்தும் காப்பாற்றியிருக்கலாம். எலும்பு உறுதியாகச் சொல்வது அவர் வாழ்ந்தார் என்பதை மட்டுமே. அவரைக் கூட்டத்தார் பேணினார்கள் என்பது அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு; நான் அதை நம்புகிறேன், ஆனால் இரண்டும் ஒரே உறுதியுடையவை என்று எழுதமாட்டேன்.

குடும்ப அமைப்பைப் பற்றிக்கூடப் பல் பேசும் என்றால் வியப்பாக இருக்கும். ஒவ்வொரு வட்டாரத்துப் பாறையிலும் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் கலவை வேறு; மண், நீர், தாவரம் வழியே அது வளரும் குழந்தையின் எனாமலில் சேர்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன், ஸ்வார்ட்கிரான்ஸ் குகைகளின் பற்களைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். ஆண்களுடையவை என்று கருதத்தக்க பெரிய பற்கள் பெரும்பாலும் குகைப் பகுதியிலேயே வளர்ந்தவர்களுடையவை. பெண்களுடையவை என்று கருதத்தக்க சிறிய பற்களில் பாதிக்கு மேல் வேறு இடத்தில் வளர்ந்தவர்களுடையவை. பெண்கள் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போனார்கள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். அங்கே பல்லின் அளவை வைத்து ஆண், பெண் என்று பிரித்தது ஒரு பலவீனம். அதையும் தாண்ட இப்போது வழி பிறந்துள்ளது. எனாமலில் உள்ள அமெலோஜெனின் என்ற புரதத்துக்கு ஆண்களிடம் மட்டும் காணப்படும் ஒரு வடிவம் உண்டு. ஸ்வார்ட்கிரான்ஸில் கிடைத்த சுமார் 20 லட்சம் ஆண்டுப் பழைய பற்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. அவ்வளவு வெப்பமான நாட்டில் டி.என்.ஏ அத்தனை காலம் தாங்காது. எனாமலுக்குள் அடைபட்ட புரதம் தாங்குகிறது.

இது நம் மண்ணைப் பற்றிய கேள்விக்கு இட்டுச்செல்கிறது. தமிழ்நாட்டில் ஆதிமனிதர் வாழவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்ததிலிருந்து அந்த வரலாறு தொடங்குகிறது. திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தின் கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழையவை என்று சாந்தி பப்பு குழுவினர் 2011இல் நிறுவினார்கள். கருவி இருக்கிறது, அதைச் செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. இந்தியா முழுவதற்குமே நிலைமை ஏறத்தாழ இதுதான். மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில் நர்மதைக் கரையில் 1982இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் அருண் சொனாக்கியா கண்டெடுத்தது, முகமும் தாடையும் பற்களும் இல்லாத மண்டையோட்டின் மேற்பகுதி. அது எந்த இனம் என்ற விவாதம் இன்னும் முடியாமல் இருப்பதற்குப் பற்கள் இல்லாததும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நம் பகுதியில் வீட்டுச் சுவருக்கு வெட்டியெடுக்கும் செம்புறாங்கல்லைப் பாருங்கள். வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, கரையக்கூடிய சுண்ணாம்புச் சத்தெல்லாம் கரைந்துபோய், இரும்பும் அலுமினியமும் தங்கி இறுகியதுதான் அந்தக் கல். அத்தகைய நிலத்தில் ஊறும் நீர் அமிலத்தன்மை கொண்டது; எலும்பின் கால்சியத்தையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கொந்தகை எலும்புகள் தாழிக்குள் இருந்தவை, காலத்தாலும் மிகப் பிந்தியவை. ஆகவே ஓரளவு தப்பின. ஆப்பிரிக்காவின் டாங்கும் ஸ்டெர்க்ஃபொன்டெய்னும் சுண்ணாம்புப் பாறைப் பகுதிகள். ஹடாரிலும் ஓல்டுவாயிலும் ஏரிப் படிவமும் எரிமலைச் சாம்பலும் எலும்பை மூடிக் காத்தன. நம் தென்னகத்தில் அதற்கு இணையாக நான் நம்பிக்கையோடு பார்ப்பது ஆந்திரத்தின் கர்நூல் சுண்ணாம்புக் குகைகளையும், ஆற்றுப் படுகைகளில் சுண்ணாம்பு முடிச்சுகள் நிறைந்த பழைய வண்டல்களையும்தான்.

உங்கள் மகனுக்கு ஆர்வம் இருப்பதால் நடைமுறைக்கு உதவும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்மாய் தூர்வாரும்போதோ கிணறு வெட்டும்போதோ ஆழத்துப் படிவத்தில் பல்லோ எலும்போ தென்பட்டால் அதைப் பிடுங்கி எடுத்துவிடக் கூடாது. எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அதன் வயதைக் கண்டறிவதும் பெரும்பாலும் முடியாது போய்விடும். இருந்த இடத்திலேயே, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் புகைப்படம் எடுத்து, தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். கழுவவோ, பிரஷ்ஷால் தேய்க்கவோ, வார்னிஷ் பூசவோ கூடாது. குறிப்பாகப் பல்லில் ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டிவிடக் கூடாது; சீனாவின் ஹார்பினில் கிடைத்த மண்டையோடு டெனிசோவன் என்ற, அழிந்துபோன மனித இனத்தைச் சேர்ந்தது என்று 2025இல் உறுதிசெய்ய உதவிய டி.என்.ஏ, அதன் பல்லில் இருந்த அந்தப் பற்காரையிலிருந்துதான் எடுக்கப்பட்டது.